மேடத்துக்கு ஒரு டப்பா சாக்லேட்

சனிக்கிழமை காலை ஏழே முக்காலுக்கு அவளுக்கு அப்பாவிடமிருந்து போன் வந்தது. தானாகப் போன் செய்கிற ஆள் இல்லை அவர்.

"உன்கிட்ட காய்ச்சல் பாக்குற தெர்மாமீட்டர் இருக்கா?"

"இருக்கு. ஏம்ப்பா, உடம்புக்கு என்ன?"

"எடுத்துட்டு வா. சீக்கிரம் வந்தா நல்லது," என்று சொல்லி வைத்துவிட்டார்.

அவள் திரும்ப மூன்று தடவை கூப்பிட்டாள். எடுக்கவில்லை. கண்ணாடிக் கடையில் லென்ஸ் அரைத்துப் பொருத்துகிற வேலை அவளுக்கு; வாரத்தில் சனிக்கிழமை ஒன்றுதான் விடுமுறை. பத்து மணி வரை தூங்குவது என்று வெள்ளிக்கிழமையே முடிவு செய்து வைத்திருந்தாள். அதெல்லாம் போயிற்று. தலையைக்கூட வாராமல், தெர்மாமீட்டரையும் இரண்டு காய்ச்சல் மாத்திரைகளையும் பையில் போட்டுக்கொண்டு, இரண்டு பஸ் மாறி, அப்பா குடியிருந்த கட்டடத்தின் நாலாவது மாடிக்கு ஓடி ஏறினாள். முப்பத்தோரு வருஷம் லிப்ட் மெக்கானிக்காக ஊரையே மேலே ஏற்றிக் கீழே இறக்கினவர் அவர். அவர் வீட்டுக் கட்டடத்தில் மட்டும் லிப்ட் கிடையாது.

கதவைத் திறந்தவர் குத்துக்கல் மாதிரி நின்றார். பனியனில், முழங்கையில், ஒரு காதின் மேல் எல்லாம் கரும்பழுப்பாக ஏதோ அப்பியிருந்தது. முகத்தில் காய்ச்சலுக்கான அடையாளம் ஒன்றும் இல்லை.

"வந்துட்டியா? எங்க அது?" என்று கையை நீட்டினார்.

"உடம்பு எப்படிப்பா இருக்கு?"

"என் உடம்புக்கு என்ன? சாக்லேட்டுக்குத்தான் சூடு பாக்கணும்."

அவள் வாசலிலேயே உட்கார்ந்துவிட்டாள். ஏறி வந்த மூச்சு ஒரு பக்கம் வாங்கியது. கோபம் இன்னொரு பக்கம் ஏறியது.

"போன எடுக்கத் தெரியாதாப்பா உங்களுக்கு? வழியெல்லாம் என்னென்னவோ நெனச்சுக்கிட்டு வந்தேன்."

"கை பூரா சாக்லேட்டு. எப்படி எடுக்கிறது?"

சமையலறைக்குள் போனவள் நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அடுப்புக்குப் பின்னால் சுவரில் தோளுயரத்துக்குச் சாக்லேட் தெறித்துக் காய்ந்திருந்தது. தொட்டியில் நாலு பாத்திரம் ஊறியது. ஜன்னலோரம் ஒரு தட்டில் ஈரமண் கட்டி மாதிரி எதுவோ கிடந்தது. அதுதான் புதன்கிழமை செய்தது என்றார் அப்பா. உருக்கும்போது மேலே தட்டுப் போட்டு மூடியிருக்கிறார். நீராவி தட்டில் பட்டு, சொட்டுச் சொட்டாக உள்ளே விழுந்து, மொத்தமும் திரிந்து கட்டிதட்டிவிட்டது. வியாழக்கிழமை செய்தது அடிபிடித்துக் கருகியது. வெள்ளிக்கிழமை செய்தது பார்வைக்குத் தேவலாம், ஆனால் மேலே சாம்பல் பூத்தது போல வெள்ளை வெள்ளையாக வரி ஓடியிருந்தது. கையில் எடுத்தால் பிசுபிசுத்தது.

"இது என்ன?" என்று மேடைமேல் கிடந்த தகரத்தைக் காட்டிக் கேட்டாள்.

"அச்சு. நானே வெட்டி மடிச்சேன். பன்னெண்டு குழி. சாக்லேட்டுதான் வெளில வர மாட்டேங்குது."

தகரத்தின் ஓரம் பிளேடு மாதிரி இருந்தது. பக்கத்தில் ஒரு சுத்தியல் கிடந்தது. சாக்லேட்டை வெளியே எடுக்க அவர் எதைக் கையாண்டிருக்கிறார் என்று கேட்கவே வேண்டாம்.

"யாருக்குப்பா இதெல்லாம்?"

அப்பா துணியை எடுத்துத் துடைக்க ஒன்றுமில்லாத இடமாகப் பார்த்துத் துடைத்தார். "ஒரு மேடத்துக்கு."

"எந்த மேடம்?"

"வேண்டப்பட்டவங்க. நாலு மணிக்குக் குடுத்தாகணும். நீ சூடு எவ்ளோன்னு மட்டும் பாத்துச் சொல்லு, போதும்."

அவளுக்குத் தெரிந்து அப்பாவின் வட்டத்தில் மேடம் என்று ஒருத்திதான் உண்டு. தெருமுனை மருந்துக்கடைக்காரி. அவளிடம் முதுகுவலி மாத்திரை வாங்கப் போனால் அப்பா அரைமணி நேரம் கழித்துத்தான் திரும்புவார். நல்ல பெண்மணிதான். அப்பாவுக்கும் அறுபதாகிவிட்டது, தனியாக இருக்கிறார், யாருக்காவது சாக்லேட் செய்து கொடுக்க வேண்டும் என்று தோன்றினால் அதில் என்ன தப்பு? இப்படியெல்லாம் தனக்குத்தானே நியாயம் சொல்லிக்கொண்டாள். அப்படியும் அம்மாதான் நினைவுக்கு வந்தாள்.

அம்மா வீட்டை விட்டுப் போய் ஆறு வருஷம். வக்கீல், வழக்கு என்று எதுவும் இல்லை. அம்மா டிரைவிங் ஸ்கூல் நடத்துகிறாள். அந்த ஆபீஸுக்கு மேலேயே ஓர் அறை காலியானதும் இரண்டு பெட்டியோடு அங்கே போய்விட்டாள், அவ்வளவுதான். அன்று முதல் இருவரும் ஒருவரோடு ஒருவர் பேசுவதில்லை. பேச வேண்டியதையெல்லாம் மகள் சுமந்தாள். 'உங்கப்பாகிட்ட கேளு, என் ஸ்கூல் சர்டிபிகேட் பீரோவுல இருக்கான்னு.' 'உங்கம்மாகிட்ட சொல்லு, இருக்குன்னு.' 'எந்தத் தட்டுலன்னு கேளு.' ஒரு சர்டிபிகேட்டுக்கு ஏழு போன். அவளே ஒரு நாள் கணக்குப் பார்த்து, பார்த்ததும் இன்னும் எரிச்சலாகி, பார்ப்பதை விட்டுவிட்டாள்.

"சரி, நகருங்க," என்றாள் இப்போது.

காய்ச்சல் தெர்மாமீட்டரால் ஒரு பயனும் இல்லை. உருகின சாக்லேட்டில் அதன் நுனியை வைத்ததும் கீச்சென்று கத்தி, கோடு காட்டி, அணைந்துவிட்டது. மனித உடம்பின் சூட்டுக்கு மேல் அதற்கு எதுவும் தெரியாது.

"கை வச்சா எனக்குத் தெரியும்மா. மோட்டார் சூட்டையே கை வச்சுத்தான் பாப்பேன்," என்றார் அப்பா.

"அதான் தெரியுதே, சுவத்தப் பாத்தாலே."

கீழ்வீட்டில் ஆறு மாதக் குழந்தை உண்டு. அவள் இறங்கிப் போய்க் கேட்டதற்கு, அந்தக் குழந்தையின் அம்மா குளிப்பாட்டும் தண்ணீரில் போடுகிற தெர்மாமீட்டரைக் கொடுத்தாள். மஞ்சள் வாத்து. வயிற்றில் எண்கள், பத்திலிருந்து ஐம்பது வரை.

"மேல ஏதாவது குழந்தை வந்திருக்கா?" என்று கேட்டாள் கீழ்வீட்டுக்காரி.

"குழந்தை இல்லங்க, எங்கப்பாதான்," என்று சொல்லிவிட்டு மேலே ஏறினாள்.

வாத்தைச் சோப்புப் போட்டுக் கழுவி, ஒரு பொட்டு ஈரமில்லாமல் துடைத்தாள். போனில் செய்முறையைத் தேடிப் படித்தாள். முதலில் நாற்பத்தைந்து டிகிரி வரை உருக்க வேண்டும். பிறகு கிண்டிக்கொண்டே இருபத்தேழுக்கு இறக்க வேண்டும். மறுபடியும் முப்பத்தொன்றுக்கு ஏற்றி, அதற்கு மேல் போகவிடாமல் அச்சில் ஊற்ற வேண்டும். அப்படிச் செய்தால்தான் பளபளப்பு வரும், வரி ஓடாது, அச்சிலிருந்து தானே கழன்று வரும்.

"இதையெல்லாம் படிச்சீங்களாப்பா?"

"படிச்சேன். ஏத்து, எறக்கு, ஏத்துன்னு போட்டிருந்துச்சு. சும்மா அளக்குறானுங்கன்னு விட்டுட்டேன்."

"முப்பது வருஷமா வேற என்ன வேலை பாத்தீங்க நீங்க?"

அப்பாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவளுக்கு வரவில்லை. பஸ் நிறுத்தத்துக் கடை இந்நேரம் திறந்திருக்கும், அங்கே வகைவகையாகச் சாக்லேட் அடுக்கி வைத்திருக்கிறார்கள், ஒரு நல்ல டப்பாவாகப் பார்த்து வாங்கிக் கொடுத்தால் வேலை முடிந்தது என்று சொன்னாள். யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள் என்றும் சொன்னாள்.

"கடைல வாங்குனது கூடாது," என்றார் அப்பா. குரல் மாறியிருந்தது. "டப்பாவுக்குள்ள யாரோட கார்டு இருக்குமோ, யார் கண்டா."

அவள் கரண்டியை வைத்துவிட்டு அவரைப் பார்த்தாள்.

அம்மாவின் ஐம்பதாவது பிறந்தநாள் அன்று அப்பா ஒரு பெரிய சாக்லேட் டப்பாவோடு வந்தார். இருபத்துநாலு வருஷத்தில் அவராக ஒரு பொருளை அம்மாவுக்கென்று கொண்டுவந்தது அதுதான் முதல் தடவை. அம்மாவின் முகத்தை மகள் அன்று பார்த்தாள். சிறுமி மாதிரி ஆகிவிட்டது. அம்மாவின் தங்கை, அவள் பிள்ளைகள் என்று எல்லோரும் சூழ்ந்திருக்க, அம்மா டப்பாவைத் திறந்தாள். மேலேயே ஒரு கார்டு இருந்தது. 'எங்கள் லிப்ட் மெக்கானிக்குக்கு நன்றியுடன், கட்டட நிர்வாகம்.' வேலை பார்த்த இடத்தில் யாரோ கொடுத்ததை அப்படியே தூக்கிக்கொண்டு வந்திருக்கிறார். திறந்துகூடப் பார்க்கவில்லை. அம்மா டப்பாவை மூடி பிரிஜ் மேல் வைத்தாள். அதிலிருந்து ஒன்றுகூட அவள் சாப்பிடவில்லை. எட்டு மாதம் கழித்துப் பெட்டியைக் கட்டினபோது, ஏன் என்று கேட்டதற்கு அந்தக் கார்டைத்தான் சொன்னாள். அது மட்டுமே காரணமாக இருக்க முடியாது. ஆனால் வாய்விட்டுச் சொல்ல முடிந்த காரணம் அது ஒன்றுதான் போல.

"அப்பா," என்றாள் அவள். "அம்மாவுக்கா?"

அப்பா வாத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார். "நாப்பத்தஞ்சு வந்துடுச்சு. அடுப்ப அணைக்கவா?"

"அணைங்க. அணைச்சுட்டுப் பதில் சொல்லுங்க. அம்மாவப் போய் மேடம்ங்கிறீங்க?"

"டிரைவிங் ஸ்கூல்ல எல்லாரும் அப்படித்தான் கூப்பிடுவாங்க."

"டிரைவிங் ஸ்கூல்ல உங்களுக்கு என்ன வேலை?"

கொஞ்சம் கொஞ்சமாக வெளியே வந்தது. நாலு மாதத்துக்கு முன்னால் அப்பா அம்மாவின் ஆபீஸுக்குப் போய், எல்லோரையும் போல வரிசையில் நின்று, விண்ணப்பம் எழுதிக்கொடுத்து, கார் ஓட்டக் கற்றுக்கொள்ளச் சேர்ந்திருக்கிறார். அம்மா அதைப் படித்துப் பார்த்து, 'சனிக்கிழமை நாலு மணி காலியா இருக்கு சார்,' என்றிருக்கிறாள். அன்றிலிருந்து வாரம் ஒரு வகுப்பு. அவள் சார் என்பாள், இவர் மேடம் என்பார். பதினேழு வகுப்பு முடிந்தது. லைசென்ஸ் பரீட்சையில் இரண்டு தடவை தோற்றாயிற்று. மூன்றாவது தடவை திங்கட்கிழமை.

"நாலு மாசமா!" அவள் குரல் சுவரில் மோதித் திரும்பியது. "நாலு மாசமா வாராவாரம் பக்கத்துல பக்கத்துல உக்காந்து ஊரச் சுத்துறீங்க. இந்த நாலு மாசமும் நான் உங்க ரெண்டு பேருக்கும் நடுவுல தூது போயிட்டிருக்கேன். போன வாரம் அம்மா என்கிட்ட, உங்கப்பாவுக்கு முதுகுவலி எப்படி இருக்குன்னு கேட்டா. நானும் மெனக்கெட்டு உங்களுக்குப் போன் போட்டுக் கேட்டு, அவளுக்குப் போன் போட்டுச் சொன்னேன். நேர்ல கேக்க வேண்டியதுதானே அவ?"

"வண்டில சொந்தப் பேச்சு கூடாதுன்னு மேடம் சொல்லியிருக்காங்க."

"மேடம்னு சொல்லாதீங்கப்பா!"

அவள் வாத்தைத் தூக்கி மேடையில் வைத்துவிட்டுப் பையை எடுத்துக்கொண்டாள். செருப்பைக்கூட மாட்டிவிட்டாள். அப்பா தடுக்கவில்லை. அடுப்பு மேடைப் பக்கம் திரும்பி, பாத்திரத்தைச் சாய்த்துப் பிடித்துக் கிண்டிக்கொண்டிருந்தார். காதின் மேல் சாக்லேட் காய்ந்து வெடித்திருந்தது. எண் தெரியாமல் எப்போது நிறுத்துவது என்று புரியாமல் கிண்டிக்கொண்டே இருந்தார்.

அவள் செருப்பைக் கழற்றினாள். "முப்பத்தாறு," என்றாள், வாத்தைத் திரும்பப் போட்டுவிட்டு. "நிறுத்தாதீங்க."

அவள் எண்ணைச் சொன்னாள், அவர் கிண்டினார். முப்பத்திரண்டு. முப்பது. கை வலித்தால் கை மாற்றிக்கொண்டார். ஓர் இடத்தில், 'போதும்னு தோணுது' என்றார். இல்லை என்றதும் மறுபேச்சு இல்லாமல் தொடர்ந்தார். தன் வாழ்நாளில் அப்பா இன்னொருத்தர் சொல் கேட்டு ஒரு வேலை செய்வதை அவள் அன்றுதான் பார்த்தாள். இதையே வீட்டில் செய்திருந்தால் என்ன என்று வாய்வரை வந்தது. விழுங்கிக்கொண்டாள்.

தகர அச்சைத் தூக்கிப் போட்டுவிட்டு, பிரிஜ்ஜில் பனிக்கட்டி பிடிக்கிற பன்னிரண்டு குழி ரப்பர் தட்டைத் துடைத்து எடுத்து வைத்தாள்.

"உள்ள என்ன வைக்கலாம்? உங்கம்மாவுக்கு என்ன பிடிக்கும்?" என்று கேட்டார் அப்பா.

"தெரியாதா உங்களுக்கு?"

"கேக்குறேன்."

"நான் சொல்ல மாட்டேன். நீங்களே யோசிங்க."

அவர் யோசித்தார். இருபத்தேழுக்கு இறங்கினது மறுபடி முப்பத்தொன்றுக்கு ஏறும்வரை யோசித்தார். பிறகு அலமாரியைத் திறந்து ஒரு காகிதப் பொட்டலத்தை எடுத்தார். உப்பு போட்டு வறுத்த வேர்க்கடலை.

"அம்மாவுக்கு முந்திரிதான் பிடிக்கும்," என்றாள் மகள், சொல்ல மாட்டேன் என்றதை மறந்து.

"முந்திரி வீட்டுக்கு வர்றவங்க முன்னாடி. வண்டில வேர்க்கடலதான். கதவுப் பையில வச்சிருப்பா. ஒரு வகுப்பு முடிஞ்சு அடுத்த ஆள் வர்றதுக்குள்ள நாலு எடுத்து வாயில போட்டுக்குவா. தோலெல்லாம் அந்தப் பையிலயே கெடக்கும். உப்பு போட்டதுதான் வேணும் அவளுக்கு."

அம்மாவைப் பற்றித் தனக்குத் தெரியாத ஒன்று அப்பாவுக்குத் தெரிந்திருந்தது. கடலையை எடுத்துத் தோல் நீக்கி உடைக்க ஆரம்பித்தாள்.

பன்னிரண்டு மணிக்கு ஊற்றினார்கள். மூன்றே காலுக்குத் தட்டைக் கவிழ்த்து முறுக்கினதும் பன்னிரண்டும் பொலபொலவென்று உதிர்ந்தன. கண்ணாடி மாதிரி மின்னின. குழிகளில் கொள்ளாமல் தனியாக ஊற்றி வைத்ததை அப்பா உடைத்தபோது டக்கென்று சத்தம் கேட்டது. அவர் அதை இரண்டாக்கி ஒரு பாதியை அவளுக்குக் கொடுத்தார். நன்றாகத்தான் இருந்தது, அதுவும் அவளுக்கு எரிச்சலாக இருந்தது.

"நீயும் வா," என்றார் அப்பா, பன்னிரண்டையும் ஒரு டப்பாவில் அடுக்கிவிட்டுச் சட்டையை மாற்றிக்கொண்டு. "டப்பாவ மடில வச்சுக்கிட்டு ஸ்டீயரிங் பிடிக்க முடியாது."

போயிருக்கவே கூடாது. ஆனால் இந்தக் கூத்தை நேரில் பார்க்காமல் விட அவளுக்கும் மனசில்லை.

டிரைவிங் ஸ்கூல் வாசலில் வெள்ளை நிறச் சின்னக் கார் நின்றது. அம்மா இடப்பக்க இருக்கையில் உட்கார்ந்து நோட்டில் எதையோ எழுதிக்கொண்டிருந்தாள். அவள் காலடியில் அவளுக்கென்று தனியாக ஒரு பிரேக். மகள் பின்கதவைத் திறந்து ஏறியதும் அம்மாவின் பேனா நின்றது.

"நீ என்ன இந்தப் பக்கம்?"

"சும்மா."

"மடில என்ன?"

"அப்பாகிட்ட கேளும்மா."

அம்மா கேட்கவில்லை. நோட்டை மூடினாள். "பெல்ட் போட்டாச்சா சார்?"

"போட்டாச்சு மேடம்."

"கண்ணாடி?"

"பாத்தாச்சு மேடம்."

பின்சீட்டில் அவள் பல்லைக் கடித்தாள். கார் இரண்டு குலுக்குக் குலுக்கிவிட்டு நகர்ந்தது. அப்பா ஸ்டீயரிங்கை, யாரோ பிடுங்கிக்கொண்டு போய்விடுவார்கள் என்பது போலப் பிடித்திருந்தார். நாலு மணி வெயில் பின்கண்ணாடி வழியாக நேரே அவள் மடியில் விழுந்தது. ஏசி வேலை செய்யவில்லை. டப்பாவின் அடி வெதுவெதுப்பாகிறது என்று தெரிந்ததும் அவள் அதைக் காலடி நிழலில் இறக்கினாள். அங்கேயும் இஞ்சின் சூடு. மறுபடி தூக்கி, தன் முதுகால் வெயிலை மறைத்துக்கொண்டு, குனிந்து, போன் உறையால் விசிறினாள். காலையிலிருந்து பட்ட பாடு எல்லாம் கண் முன்னாலேயே கூழாகிக்கொண்டிருந்தது. முன்னால் இருந்தவர்கள் இருவரும் கியரைத் தவிர வேறெதுவும் பேசவில்லை.

"அப்பா," என்றாள். "சொல்லுங்க."

"திருப்பம் வருது. திரும்பிட்டுச் சொல்றேன்."

திருப்பம் போய் நாற்சந்தி வந்தது. சிவப்பு விளக்கு. அப்பா சரியாகத்தான் நிறுத்தினார். பச்சை விழுந்தது. கிளச்சை விட்ட வேகத்தில் இஞ்சின் அணைந்தது. மறுபடி போட்டார், மறுபடி அணைந்தது. பின்னால் ஒரு வண்டி ஹாரன் அடித்தது. அதைப் பார்த்து மற்றவையெல்லாம் அடித்தன.

அப்பா கண்ணாடியில் மகளைப் பார்த்தார். "உங்கம்மாகிட்ட சொல்லு, பின்னாடி வண்டி ரொம்ப ஒட்டி நிக்கிறான்னு."

அம்மா திரும்பாமலே சொன்னாள்: "உங்கப்பாகிட்ட சொல்லு, பின்னாடி பாக்க வேணாம், முன்னாடி பாக்கச் சொல்லு."

அவளுக்குத் தன் காதை நம்ப முடியவில்லை. நாலு மாதமாக மகள் இல்லாதபோது சார், மேடம் என்று நேருக்கு நேர் பேசிக்கொண்டவர்கள், அவள் வந்து பின்னால் உட்கார்ந்ததும் அவள் வழியாகப் பேச ஆரம்பித்துவிட்டார்கள். பழக்கதோஷம். நடுவில் அவள் இருந்தாலே போதும் போல.

அதற்குள் வண்டி கிளம்பிவிட்டது. கிளம்பின வேகத்தில் நேரே சந்திக்குள் பாய்ந்தது. வலப்பக்கத்திலிருந்து ஒரு வேன் வந்தது.

"என்னங்க, பிரேக்கு!" என்று கத்தினாள் அம்மா, கத்திக்கொண்டே தன் பிரேக்கையும் மிதித்தாள்.

கார் நின்றது. வேன் திட்டிக்கொண்டே விலகிப் போனது. டப்பா மூடி திறந்து, ஒரு சாக்லேட் அம்மாவின் சீட்டுக்கடியில் உருண்டது. 'என்னங்க' என்று அம்மா அவரைக் கூப்பிட்டு ஆறு வருஷத்துக்கு மேலாகிறது. அது காருக்குள் மூன்று பேருக்கும் நன்றாகக் கேட்டிருந்தது.

மகள் டப்பாவை மூடினாள். முன்னால் குனிந்து, இருவருக்கும் நடுவில், ஹேண்ட்பிரேக்குக்குப் பக்கத்தில் வைத்தாள்.

"அம்மா, இது அப்பா. நாலு நாளா அடுப்படில நின்னு அவர் கையால செஞ்சது இது. அப்பா, இது அம்மா. பக்கத்துலதான் இருக்கா, சொன்னாக் கேக்கும். ஆறு வருஷமா போஸ்ட்மேன் வேலை பாத்துட்டேன் நான். இன்னையோட விட்டுட்டேன். இனிமே ஏதாவது சொல்லணும்னா, நீங்களே சொல்லிக்குங்க."

கதவைத் திறந்து இறங்கினாள். நடுச்சந்தி. நாலு பக்கமும் ஹாரன்.

"ஏய், ஓரமா நிறுத்தினப்புறம் இறங்கு!" என்று அம்மா கத்தினாள். அது காதில் விழாதது போல வண்டிகளுக்கு நடுவே புகுந்து நடைபாதைக்கு ஏறிவிட்டாள்.

பஸ் நிறுத்தத்தில் நின்று திரும்பிப் பார்த்தாள். கார் இன்னும் சந்தியில்தான் நின்றது. பிறகு இடப்பக்கம் விளக்கு மின்னியது. கூடவே, மழையில்லாத வானத்துக்குக் கீழே வைப்பர் ஆட ஆரம்பித்தது. மெல்ல, மெல்ல, நகர்ந்து வந்து, ஒரு சக்கரம் நடைபாதை மேல் ஏறினபடி கோணலாக ஓரம்கட்டியது. இருவர் தலையும் நேராக முன்னால் பார்த்தன. வைப்பரை யாரும் நிறுத்தவில்லை. இன்னும் கொஞ்ச நேரம் நின்று பார்க்க ஆசைதான். ஆனால் பஸ் வந்துவிட்டது, அதை விட்டால் அடுத்தது நாற்பது நிமிஷம். ஏறிவிட்டாள்.

ஆறு மணிக்கு அம்மா கூப்பிட்டாள்.

"நடு ரோட்டுல இறங்குறியே, அறிவிருக்கா உனக்கு?"

"என்ன ஆச்சும்மா?"

"என்ன ஆகும்? அஞ்சு உருகிப் போச்சு. ஸ்டீயரிங் பூரா சாக்லேட்டு. துடைக்க ஒரு மணி நேரம் ஆச்சு எனக்கு."

"சாப்பிட்டியா?"

"கைல ஒட்டுனா என்ன பண்றது, சாப்பிடத்தான வேணும். வேர்க்கடல வச்சிருக்காரு."

"அப்பா என்ன சொன்னாரு?"

"பெருசா ஒண்ணும் சொல்லல. டப்பாவத் தொறந்து காட்டி, உள்ள கார்டு எதுவும் இல்ல, நல்லாப் பாத்துக்கன்னாரு."

"நீ என்ன சொன்னே?"

"ஹேண்ட்பிரேக் போடலன்னு சொன்னேன்."

"அம்மா!"

"போடலடி அவரு. நான் என்ன பண்ண?" அம்மாவின் குரல் கரகரத்தது. மூக்கை உறிஞ்சுகிற சத்தம் கேட்டது. உடனே, "நாளைக்குப் பேசுறேன், வை," என்று வைத்துவிட்டாள்.

ஞாயிற்றுக்கிழமை இருவருமே கூப்பிடவில்லை. ராஜினாமாவை ஏற்றுக்கொண்டார்களா, கோபித்துக்கொண்டார்களா என்று தெரியாமல் அவள் அன்று முழுக்கப் போனை எடுத்து எடுத்துப் பார்த்தாள். அதுவும் ஒரு தொல்லைதான்.

திங்கட்கிழமை மத்தியானம், கடையில் ஒரு பெரியவரின் மூக்குக்கண்ணாடிப் பிரேமைச் சூடாக்கி வளைத்துக்கொண்டிருந்தபோது போன் அடித்தது. அப்பா.

"பரீட்சை என்னாச்சுப்பா?"

"பெயில். ரிவர்ஸ் எடுக்கச் சொன்னான், கம்பத்துல தட்டிட்டேன்." வருத்தமான குரலாகத் தெரியவில்லை. பின்னால் ஏதோ தேய்க்கிற சத்தம். "அது கெடக்கட்டும். சுவத்துல காஞ்ச சாக்லேட்டு எதப் போட்டா போகும்?"

"வெந்நீரும் சோப்பும். ஏன், இப்போ எதுக்கு?"

பதில் வருவதற்குள் பின்னாலிருந்து இன்னொரு குரல், நாற்காலியில் வசதியாக உட்கார்ந்துகொண்டு பேசுகிற குரல், உரக்கக் கேட்டது. "போன்ல என்ன பேச்சு? ரெண்டு கையும் வேலைல இருக்கணும். மேல பாருங்க. இன்னும் மேல. இடது பக்கம், இடது பக்கம்னா உங்களுக்கு எப்பவும் வலதுதானா?"

"உங்கம்மா..." என்று ஆரம்பித்த அப்பா, நிறுத்திக்கொண்டார். "சரிம்மா, நான் அவகிட்டயே கேட்டுக்குறேன்," என்று சொல்லிப் போனை வைத்தார்.

கையிலிருந்த பிரேம் ஆறிப்போயிருந்தது. அவள் அதை மறுபடி சூட்டில் காட்டினாள்.